செவிட்டுப் பூனையின் காது

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது மணவாளக்குறிச்சியில், எங்கள் தெருவில், பட்டப்பகலில். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

எதிர்வீட்டு ஷைஜாவின் மாமியார் விக்டோரியா போன மழையில் செத்துப்போனாள். 'தூக்கத்துலயே போயிட்டாங்க' என்று துபாயில் இருக்கும் புருஷன் சிஜோவிடம் ஷைஜா சொன்னாள். அவன் நம்பினான். தெரு நம்பவில்லை. கிழவியின் நாய் அன்று மத்தியானம் முழுக்க அவள் அறைக்கதவைப் பிறாண்டியிருக்கிறது. ஷைஜாவின் நைட்டியைக் கடித்து இழுத்திருக்கிறது. மகாராணி காதில் இயர்போனை மாட்டி ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டார் சொன்னது. நான் அன்றைக்கென்று பார்த்துக் கோட்டாறு சந்தைக்குப் போயிருந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகும் நாய் விடவில்லை. தினமும் மூன்று மணிக்குப் பூட்டிய அந்த அறையைப் பார்த்துக் காதை விடைத்துக்கொண்டு நிற்கும். வீடியோ காலில் சிஜோ கேட்பான், 'அது ஏன் அங்கயே நிக்குது?'

அறிவாளி என்ன செய்தாள் தெரியுமா? நாயை மீன்காரனுக்குக் கொடுத்துவிட்டு, நாகர்கோவிலில் போய் ஒரு வெள்ளைப் பூனை வாங்கிவந்தாள். நீலக்கண். பிறவிச் செவிடு.

"செவிட்டுப் பூனைய என்னத்துக்குட்டி வாங்குன?"

"சத்தத்துக்கு மிரளாதுல்லா அக்கா."

நான் விடுவேனா? அதன் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். ஒரு மயிர்கூட அசையவில்லை.

"இப்ப திருப்தியா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சீனி கேட்கப் போனேன். சீனி என் வீட்டிலும் இருந்தது, அது வேறு விஷயம். ஷைஜா சிஜோவோடு வீடியோ காலில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பூனை சோபாவில் தூக்கம்.

மணி மூன்று.

பூனையின் இடது காது திரும்பியது.

ஈயாக இருக்கும் என்று பார்த்தேன். ஈ இல்லை...

வலது காதும் திரும்பியது. இரண்டும் அந்த அறைப் பக்கம். கண் மூடியேதான் இருந்தது.

நானும் கூர்ந்து கேட்டேன். ஃபேன் சத்தம்... டக்... டக்... வேறு ஒன்றுமில்லை.

பூனை இறங்கிப் போய்க் கதவடியில் உட்கார்ந்தது.

பதில் சொல்வதுபோல் ஒருமுறை கத்தியது...

ஷைஜா போனைக் கட் செய்தாள்.

"சிஜோகிட்ட சொல்லிராதிங்க அக்கா."

"நான் ஏன்ட்டி சொல்லப்போறேன்."

சத்தியமாகச் சொல்லவில்லை. தெருவில்கூட.

சாயங்காலம் சிஜோவே எனக்குப் போன் போட்டான்.

"அக்கா, மத்தியானம் நீங்க அங்கதான இருந்திய? போன்ல பாத்தேன்."

"ஆமா மக்கா."

"அம்மை தூக்கத்துல போயிட்டான்னுதான ஷைஜா சொன்னா..."

நான் ஜன்னல் வழியாக எதிர்வீட்டை எட்டிப்பார்த்தேன்.

"அப்போ, 'குடிக்க இம்புடு வெள்ளம் தா மக்களே'ன்னு அவள விளிச்சது யாரு?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒருக்க இல்லக்கா... அவ போனக் கட் பண்ணுற வரைக்கும் விளிச்சிட்டே இருந்துது..."