ஓநாய்க்கு வக்காலத்து வாங்கியவள்

எழுபதுகளின் கடைசியில் காவாந்தண்டலத்திலிருந்து பஸ் பிடித்து உத்திரமேரூருக்கு டைப்ரைட்டிங் கற்கப் போய்க்கொண்டிருந்தேன். கூடவே எங்கள் தெருக்காரி ஒருத்தியும் வருவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் தோழி. இன்ஸ்டிடியூட்டில் மெஷின் காலியாகும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும். மாஸ்டர் அங்கே ஒரு வாரப் பத்திரிகை வாங்கிப் போடுவார். வியாழக்கிழமை காலையில் பேப்பர்காரர் அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போவார்.

அதில் ஒரு தொடர்கதை வந்தது. மலை எஸ்டேட் ஒன்றில் அண்ணன், தம்பி. பௌர்ணமி வந்தால் இருவரும் ஓநாயாகிவிடுவார்கள். அண்ணன் மாலையிலேயே தன்னைச் சங்கிலியால் கட்டிக்கொள்வான். தம்பி காட்டுக்குள் ஓடிவிடுவான். விடிந்தால் அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஒரு பௌர்ணமியில் அவன் ஆடு மேய்க்கிறவரைக் கொன்றுவிட்டான். பெஞ்சில் சண்டை ஆரம்பித்தது.

நான் தம்பி கட்சி. கொன்றது ஓநாய், மனுஷனை எப்படிக் குற்றம் சொல்ல முடியும் என்று வாதாடினேன். கதையை எல்லாருக்கும் உரக்கப் படிப்பதும் நான்தான் என்பதால் என் பேச்சுக்கு அங்கே ஒரு மதிப்பு. தோழி எப்போதும் என் பக்கம்.

வாலாஜாபாத்திலிருந்து புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். இரண்டு வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், மூன்றாவது வாரம் மெதுவாகச் சொன்னாள்.

"பௌர்ணமி என்னிக்கின்னு காலண்டர்லயே போட்டுக்கீது. அண்ணன் கட்டிக்கிறான் இல்ல? ஓநாய் பண்ணதை விடு. தெரிஞ்சும் சும்மா இருந்தானே மனுஷன், அதுதான் தப்பு."

"அதுவும் சரிதான்" என்றாள் என் தோழி. அவள் என் பக்கம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் தோழி பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி, "நீ படியேன்" என்று வாலாஜாபாத்காரியிடம் கொடுத்தாள். தோழி எனக்குப் பிடித்து வைக்கிற இடத்தில் அந்தப் புதியவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய விரல்கள் மெஷினில் என்னைவிட வேகமாக ஓடுவதைக்கூட அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கதையைப் பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று அறிவிப்பு வந்தது. நானும் எழுதினேன், அவளும் எழுதினாள். நான் எழுதியது நான்கு பக்கம்.

சில வாரம் கழித்து ஒரு வியாழன். தோழிக்குக் காய்ச்சல், நான் மட்டும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். பத்திரிகையைப் பிரித்தால் வாலாஜாபாத்காரியின் கடிதம், ஊர் பேரோடு, ஒரு வரி குறையாமல். என்னுடையது இல்லை. சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் வந்ததும் பத்திரிகை வரவில்லை என்றேன். வாலாஜாபாத்காரி பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினாள். மாஸ்டர் பேப்பர்காரரைக் கூப்பிட்டுத் திட்டினார். போட்டேன் என்று அவர் சாமிமேல் ஆணையிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுவாரம், அவள் கடிதத்தை ஆதரித்தும் எதிர்த்தும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தோழி அதைப் படித்துக் குதித்தாள். போன வாரப் பத்திரிகை எங்கே என்று எல்லாரிடமும் கேட்டாள். கடிதம் எழுதியவள் மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தனியாகப் பிடித்துப் பத்திரிகையைக் கொடுத்தேன். என் அண்ணன் எடுத்துவைத்திருந்தான் என்று ஒரு பொய்.

"நீதான் எடுத்துக்கினு போனேன்னு அன்னிக்கே தெரியும்" என்றாள். "கிளம்பறப்போ பைக்கு வெளியே நீட்டிக்கினு இருந்துச்சு."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா இல்லைன்னுவே. அப்புறம் நாம பேசிக்க முடியாதே."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். கேட்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்போது அவளுடைய பொறுமையும் என்னிடம் இல்லாத இன்னொரு பொருளாகிவிட்டது. பேப்பர்காரர் பொய் சொல்லவில்லை என்று மாஸ்டரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கதையில் தம்பியைச் சுட்டுக் கொன்று முடித்தார்கள். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் அவள் முதல் வகுப்பு, நான் வெறும் பாஸ். அவள் வேலை கிடைத்துச் செங்கல்பட்டுக்குப் போனாள். என் தோழி மாதாமாதம் அவளுக்குக் கடிதம் எழுதுவாள். தபால் பெட்டி எங்கள் வீட்டுப் பக்கம் என்பதால் என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள். ஒன்றைக்கூட நான் நிறுத்திவைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே என் பேர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.