பாதியில் நின்றாலும் மூட வேண்டியவை

முத்துமாரி இறந்த செய்தி, விருதுநகர் நிலையத்தில் சிவகாசி ரயிலுக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அவள் தம்பி அழைத்தான். "மாரிக்கா போயிருச்சுக்கா. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கோம். ஆபீஸ்ல சொல்லிருங்க." ஆறு மாதமாகச் சிறுநீரக நோய். ரயில் வந்தது. ஏறி, வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

அவளுடன் வேலை பார்த்த உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசி அச்சகங்களுக்கு இணையப் பக்கங்கள் செய்து தரும் எங்கள் சிறிய நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் நிரல் எழுதினாள். அச்சங்குளத்துக்காரி. அம்மா பட்டாசு ஆலைத் தொழிலாளி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். வேலையில் எனக்குப் பின் சேர்ந்தவள். அதனால் முதல் மாதம் என்னை "மேடம்" என்றாள். பிறகு "ஏ புள்ள" ஆனேன்.

கடைக்காரர் ஒருவர் காலண்டர் பக்கத்தைத் திறந்தால், எங்கள் சர்வர் அதைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும். சாமி படம் ஒரு துண்டு, கடைப் பெயர் ஒரு துண்டு, ஆர்டர் படிவம் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு படிகள் உண்டு: தொடங்குவது, வேண்டிய கோப்புகளைத் திறப்பது, தன்னைப் பக்கத்தில் எழுதுவது, திறந்ததை மூடுவது. யார் எழுதும் துண்டிலும் இந்த நான்கும் இருக்க வேண்டும். பக்கம் அவற்றை வரிசையாக அழைக்கும். இதை வகுத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த நிரலை முதல் முறை படித்துப் பார்த்தபோதே முத்துமாரி கேட்டாள்: "எழுதுறப்ப ஒரு துண்டு பழுதாகி நடுவுல விழுந்துட்டா?"

"விழாம எழுதணும்."

"எங்கம்மா ஆலைல போயி, இடியே இடிக்காதன்னு சொல்லிப் பாரேன்." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "வேல முடிஞ்சாலும் சரி, இடி இடிச்சுப் பாதியில நின்னாலும் சரி, கலந்த பட்டாசு மருந்த அப்படியே விட்டுட்டுக் கதவச் சாத்த மாட்டாக. ஒதுங்க வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவாக. நீ வேல முடிஞ்சா மட்டும் ஒதுங்க வைக்கச் சொல்ற."

உண்மைதான். மூன்றாம் படி நல்லபடியாக முடிந்தால்தான் என் பக்கம் நான்காம் படியை அழைக்கும். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானது. கடைக்காரர்கள் அனுப்பிய படங்களில் சில பழுதானவை. அவற்றை எழுத முயன்று, முத்துமாரி செய்த படத் துண்டு நடுவில் விழுந்தது. திறந்த கோப்பு திறந்தபடியே நின்றது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, மதியத்துக்குள் சர்வரால் இன்னொரு கோப்பைத் திறக்க முடியாமல் போயிற்று. எல்லாக் கடைகளின் பக்கங்களும் நின்றன. அச்சக உரிமையாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, வருசத்துல இந்த ஒரு நாளு. ஆர்டர் பிடிக்கிற அம்புட்டு ஏஜெண்டும் போன்ல நிக்கான். என்னத்தப் பண்ணி வச்சிருக்கீக?"

பிழைப் பதிவு படத் துண்டைக் காட்டியது. அவள் பணி உறுதியாக அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. "இந்தப் புள்ளைய மாசக் கடைசியோட அனுப்பிருவோம்" என்றார் மேலாளர், எல்லார் முன்னாலும். முத்துமாரி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

அவளுடைய துண்டில் நான்காம் படி ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. என் பக்கம்தான் அதை அழைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. சொல்ல இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் "அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்வரை நிறுத்தி நிறுத்தித் தொடங்கி, ஏஜெண்டுகளுக்கு எப்படியாவது பக்கம் கிடைக்கச் செய்துகொண்டிருந்தாள்.

கடைசியில் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். அவள் வேலை தப்பியது.

திரும்பி வந்தபோது எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். "ஒக்காரு புள்ள. விழுந்தாலும் பக்கம் அதக் கூப்பிடணும். கடைசியாத் தொறந்தத மொதல்ல மூடணும்." அப்படியே மாற்றினோம். நான்காம் படிக்கு 'ஒதுங்கவை' என்று பெயர் வைத்தாள். ஆங்கிலத்தில் வைக்கலாமே என்றேன். "இங்கிலீசுல வச்சா நீ மறந்துருவ."

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். தன் வேலைகளை யார் யார் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தந்தாள். "எதும் தொறந்து கெடக்கல, பாத்துக்க." அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். அவள் களைத்திருந்தாள். அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

செய்தி வந்த அன்று அலுவலகத்தில் அந்தப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்தேன். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. பிறகு எல்லாரும் அச்சங்குளம் கிளம்பினோம்.

யார் புதிய துண்டு எழுதி வந்தாலும் "நடுவுல விழுந்துட்டா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்தக் கேள்வி அவளுடையது, என்னிடம் இருக்கட்டும். மன்னிப்பு மட்டும் அவளிடம் கேட்கவே இல்லை. அவளைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன்: திறந்து கிடப்பது அது ஒன்றுதான். அவள் பட்டியலில் அது இல்லை.