நடைவண்டியின் முன்சக்கரம்

ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. உள்ளபடி சொன்னால், அடுத்தவன் செய்ததைக் கையில் வாங்கி, அளந்து பார்த்து, 'ஆகாது' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். கம்பெனி பஸ்ஸை விட்டு நான் இறங்கினாலும் இந்தப் புத்தி என்னை விட்டு இறங்குவதில்லை. செவிலிமேட்டில் நாங்கள் வீடு கட்டியபோது என் தலையைக் கண்டாலே கொத்தனார் டீ குடிக்கப் போய்விடுவார். தோசை ஒரு பக்கம் தடித்திருந்தால், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் மனைவி, "தெரியும்பா, ரிஜக்ட்டு. அதையே துண்ணு" என்பாள்.

இந்தப் புத்திக்கு ஒரு போக்கிடமாகத்தான் மரவேலையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து, உளியும் உப்புத்தாளுமாக எதையாவது செதுக்கிக்கொண்டிருப்பேன். கரண்டி, கோலப்பொடி டப்பா, சாவி மாட்டும் கட்டை. அங்கே செய்பவனும் நான், ஆகாது என்று சொல்பவனும் நான். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியும் நடை வரவில்லை. வேகமாகத் தவழ்வாள். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். பிடி விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, சில குழந்தைகள் தாமதமாகத்தான் நடக்கும், அடுத்த முறை வரும்போதும் நடக்கவில்லை என்றால் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நாள் முழுக்க, அளவுக்குள் வராததை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுகிறவன் நான். என் பிள்ளையையும் ஓர் அளவு வைத்துப் பார்க்கிறார்கள் என்பதைத் தாங்க முடியவில்லை.

நடைவண்டி செய்வது என்று முடிவெடுத்தேன். கடையிலேயே கிடைக்கும் என்றாள் மனைவி. போய்ப் பார்த்தேன். கடை வண்டியைக் கவிழ்த்ததும் ஓர் ஆணியின் முனை வெளியே தெரிந்தது. வைத்துவிட்டு வந்து, மரவாடியில் பூவரசம்பலகை வாங்கினேன். முன்பலகையில், பட்டுப்புடவை பார்டரில் வருகிற அன்னத்தைச் செதுக்கினேன். கழுத்து வளைவில் உளி வழுக்கி, மரத்தின் ரேகை போன போக்கில் போய்விட்டது.

"அன்னம் இல்லபா, வாத்து" என்றாள் மனைவி. "பரவால்ல, நல்லா கொழுத்த வாத்து."

மூன்று சக்கரங்களையும் டீ சாசர் அளவுக்கு வட்டமாக அறுத்து, அராவி, கம்பெனியில் அளப்பதுபோலவே வெர்னியர் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தேன். மூன்றும் பாஸ்.

மகள் வண்டியைப் பிடித்து நின்றாள். வாத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழப்பான டைல்ஸில் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்ததும் கையை விட்டு உட்கார்ந்துகொண்டாள். தினமும் இதே கதைதான். நான் முட்டி போட்டுக் கெஞ்சியும் பார்த்தேன்.

இதற்கிடையில் மரம் தன் வேலையைக் காட்டியது. முன்சக்கரத்துக்குப் பலகை போதாமல் வேறொரு துண்டில் அறுத்திருந்தேன். அது சரியாகக் காயாத துண்டு. மரம் காயக் காய ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே 'தடக்' என்று ஒரு சத்தம். மகள் வண்டியைத் தள்ளியிருக்கிறாள். அசையாமல் நின்று யோசித்தாள். மறுபடி தள்ளினாள். தடக். பக்கத்து வீட்டில் தறி இருக்கிறது. காலையில் அது ஓடத் தொடங்கினால் இவள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புவாள். இப்போது அந்த மாதிரி ஒரு சத்தம் அவள் கையிலேயே இருந்தது. தடக், தடக் என்று ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் போனாள்.

சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு தடக்கும் என் மண்டையில் இறங்கியது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பிள்ளை கோணலாக நடக்கப் பழகிவிடுவாள் என்று காரணங்களும் தோதாகக் கிடைத்தன. மனைவி முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "கொழந்த நடந்துக்கினு இருக்குது. அதுல கை வெச்சின்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

கை வைத்தேன். மகள் மதியம் தூங்கும்போது, நன்றாகக் காய்ந்த வேப்பம்பலகையில் அறுத்த புதுச் சக்கரத்தை மாட்டிவிட்டேன்.

எழுந்து வந்தாள். தள்ளினாள். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

பழகிக்கொள்வாள் என்றேன். அந்த வாரம் முழுக்க அவள் வண்டியைத் தொடவில்லை. மனைவி என்னோடு பேசவில்லை. தட்டில் தோசை மட்டும் வந்தது, எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில். டாக்டரிடம் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். பழைய சக்கரத்தை அப்படியே திரும்ப மாட்ட மனசு வரவில்லை. சக்கரம் வட்டமாகவும் இருக்கவேண்டும், சத்தமும் வரவேண்டும் என்று, ஓடும்போது தட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கட்டையை ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தேன். வண்டி என் பக்கத்தில் இருந்தது. கோணல் சக்கரம் கதவோரம் ஸ்டூல் மேல் கிடந்தது.

உளியைத் துடைக்கத் துணியைத் தேடித் திரும்பினேன். மகள் தவழ்ந்து வந்து ஸ்டூலைப் பிடித்து நின்றிருந்தாள். சக்கரத்தை எட்டி எடுத்தாள். அது அவளுக்கு ஒரு கையில் அடங்காது. இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இனி ஸ்டூலைப் பிடிக்கக் கை இல்லை. உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நடந்தாள். மரச்சுருளை மிதித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, நேராக என்னிடம் வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவருகே மனைவி வந்து நின்றிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை விழுந்துவிடுமோ என்று மூச்சுகூட விடவில்லை. மகள் சக்கரத்தை என் மடியில் போட்டாள்.

"தடக்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

"எவ்ளோ தூரம் வந்துச்சுபா?" என்றாள் மனைவி. அந்த வாரத்தில் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல்.

"அளக்கல" என்றேன்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. என் முழங்காலில் ஓர் அடி போட்டு மறுபடியும் "தடக்" என்றாள். வண்டியைக் கவிழ்த்தேன். புதுச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். அவசரத்தில் நட்டு கீழே விழுந்து மரச்சுருளுக்குள் போய்விட்டது, தேடி எடுக்க நேரம் ஆனது. அதுவரைக்கும் எதையும் பிடிக்காமல், என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.