கர்ட்டன் அக்காவின் நீர்க்கடுப்பு

அந்த வணிக வளாகத்தின் முன்வாசலில் ஆண்களைச் சோதிக்க மூன்று காவலாளிகள் நிற்பார்கள். பெண்களுக்கு ஒருத்திதான். அவளுக்கென்று நீலத் துணியால் மறைத்த ஒரு தடுப்பு இருந்தது. வருகிற பெண்களைத் தோளிலிருந்து கால்வரை, உலோகம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் கைக்கருவியால் தடவிப் பார்ப்பாள். அது கத்தினால் பையைத் திறக்கச் சொல்வாள். கடைகளில் வேலை பார்த்த பெண்கள் அவளைக் கர்ட்டன் அக்கா என்று கூப்பிட, நாளடைவில் அதுவே அவள் பெயராகிவிட்டது.

கலகலப்பானவள். பொம்மைத் துப்பாக்கியோடு வரும் குழந்தையிடம், "இதுக்கு லைசென்ஸ் இருக்கா? இல்லேன்னா அம்மாவை உள்ளே தள்ளிடுவேன்" என்பாள். சிடுசிடுவென்று வந்த தாய்கூடச் சிரித்துவிட்டுப் போவாள்.

வளாகத்தின் ஒவ்வொரு மாடியிலும் பளபளவென்று கழிப்பறைகள் இருந்தன, வாடிக்கையாளர்களுக்கு. காவலாளிகளுக்கானது கீழே, வண்டி நிறுத்துமிடத்தின் கடைசிக் கோடியில். தூரம்கூட அவளுக்குப் பெரிதில்லை. அவள் நகர்ந்தால் பெண்களைச் சோதிக்க ஆளில்லை, வரிசை படிக்கட்டுவரை நீளும், மேற்பார்வையாளர் கத்துவார். ஆண் காவலாளிகள் பக்கத்தில் நிற்பவனிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போய்வந்தார்கள். அவள் யாரிடம் கண்ணைக் காட்டுவது?

ஆகவே சேர்ந்த புதிதிலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீரைக் குறைத்தாள். காலையில் அரை டம்ளர் டீ. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டமாகக் கீழே போய்வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேலை முடியும்வரை அடக்கல்தான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கழிப்பறைக்குள் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சொட்டுச் சொட்டாக, நெருப்பைக் கொட்டியதுபோல எரிந்தது. வெளியே வந்ததும் மறுபடியும் போகவேண்டும்போல இருந்தது. லிப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்யும் அவள் கணவன், "என்னம்மா, உள்ளேயே குடியிருக்கப் போறியா?" என்று கேலி செய்தான். அவள் முகத்தைப் பார்த்தபின், மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நிறையத் தண்ணி குடிங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போயிடுங்க. அடக்கவே கூடாது."

"இதை எங்க சூப்பர்வைசர்கிட்ட நீங்களே சொல்றீங்களா டாக்டர்?" என்றாள் அவள். நகைச்சுவை என்று நினைத்து டாக்டரம்மா சிரித்தார்.

மாத்திரையில் கடுப்பு அடங்கியது. சில வாரங்களில் திரும்பி வந்தது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் கடுப்பு. மருந்துக்கடைக்காரர் அவள் தலையைக் கண்டதுமே, கேட்காமல் மாத்திரை அட்டையை எடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் மாடி வீட்டில் குடியிருந்த அவள் அக்கா இதைக் கையில் எடுத்தாள். தங்கைக்கு ஒன்று என்றால் தாங்காதவள். "இத்தனை மாத்திரையை முழுங்கினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? எல்லாம் சூடு. குளிர்ச்சி பண்ணினா தானா ஓடிப்போயிடும்" என்றாள். பார்லி வேகவைத்து வடிகட்டினாள். கொத்தமல்லி விதையை ஊறவைத்தாள். எலுமிச்சை, தேன், பூண்டு என்று யார் என்ன சொன்னாலும் கேட்டு வந்தாள். வெளிநாட்டிலிருந்த நாத்தனாரிடம் சொல்லி, கிரான்பெரி என்ற சிவப்புப் பழத்தின் சாற்றை வரவழைத்தாள். பாதி புளிப்பு, பாதி துவர்ப்பு. "மருந்துன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று அக்கா திருப்திப்பட்டாள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. எல்லாமே குடிக்கவேண்டியவை. காலையில் குடித்தால் வாசலில் நின்றுகொண்டு உயிர் போகும். ஆகவே அக்கா கொடுத்த பாட்டிலை அப்படியே வைத்திருந்து, வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று மடமடவென்று குடிப்பாள். வீட்டில் "குடிச்சியா?" என்று கேட்டால் "குடிச்சேன்க்கா" என்பாள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பகல் முழுவதும் உடம்பு காய்ந்து கிடந்ததை அக்காவிடம் சொல்லவில்லை.

ஒருமுறை துணிந்து மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். "சார், உடம்பு சரியில்லை. நடுவுல ரெண்டு தடவை மாத்திவிட ஒரு ஆள் வேணும்."

"என்ன உடம்பு?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீர்க்கடுப்பு சார்."

அவர் முகம் சுளித்துக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, இதெல்லாம் என்கிட்ட சொல்ற விஷயமா? கம்பெனி ஒரு லேடிதான் குடுத்திருக்கு. நான் என்ன புடவை கட்டிக்கிட்டா வந்து நிக்க முடியும்?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அடுத்த தடவை கடுப்பு வந்தபோது மாத்திரையை நாலு நாளில் நிறுத்திவிட்டாள். எரிச்சல் குறைந்துவிட்டது, வயிற்றைப் புரட்டியது, அக்காவும் போதும் என்றாள். மிச்சத்தைப் பார்லித் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். அதற்கடுத்த தடவை டாக்டரிடமே போகவில்லை. இடுப்புக்கு மேலே, முதுகின் ஒரு பக்கம் வலி விண்ணென்று தெறித்தது. நின்று நின்று வந்த வலி என்று தைலம் தடவிக்கொண்டாள்.

விடுமுறைக் கூட்டம் நெரித்த ஒரு மதியம், ஒரு பெண்ணின் கைப்பையைத் திறக்கப் போனவளுக்குக் கைகள் உதறின. பற்கள் தந்தியடித்தன. "ஏங்க, உங்க உடம்பு இப்படிக் கொதிக்குதே!" என்று அந்தப் பெண்தான் அவளைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். வெளியே வரிசையில் ஒருத்தி, "எவ்வளவு நேரம்?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார்கள். வழக்கமான மாத்திரைகள் எதற்கும் அது மசியவில்லை, ஊசிமருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது. ஒரு சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டதாகவும் அது பழையபடி ஆகாது என்றும் டாக்டரம்மா சொன்னார்.

அக்கா கையைப் பிசைந்தபடி கேட்டாள். "பார்லி, கிரான்பெரி எல்லாம் விடாம குடுத்தேனே டாக்டர்?"

"அதுல தப்பில்லைம்மா. கிரான்பெரி சிலருக்குத் திரும்ப வராம இருக்கக் கொஞ்சம் உதவலாம். ஆனா உள்ளே வந்துட்ட கிருமியை அதெல்லாம் கொல்லாது. மாத்திரையைப் பாதியில நிறுத்தியிருக்கக் கூடாது. அதைவிட, நாள் பூரா அடக்கி வச்சிருக்காங்களே, அதுக்கு எந்தச் சாறு குடுத்து என்ன?"

டாக்டரம்மா போனபிறகு அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "நிறுத்துன்னு நான்தானே சொன்னேன். என் வாயில மண்ணைப் போட."

"நீ சொன்னதால மட்டும் இல்லக்கா. எனக்கும் அதுதான் சௌகரியமா இருந்துச்சு. உன் பாட்டிலைப் பையில வச்சுக்கிட்டா, ஏதோ வைத்தியம் நடக்குதுன்னு ஒரு தெம்பு. அந்த சூப்பர்வைசர்கிட்ட மறுபடி போய் நிக்கவேண்டாம் பாரு."

"போய் நின்னா மட்டும்?"

"ஆமா," என்றாள் அவள். "நின்னா மட்டும் என்ன."

அவள் வேலைக்குத் திரும்பிப் போனபோது நீலத் துணிக்குள் வேறொருத்தி நின்றாள். கம்பெனி அவளிடம் சீருடையைத் திரும்பக் கேட்டது. துவைத்து மடித்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் வீட்டிலிருந்தாள். நன்றாகத் தண்ணீர் குடித்தாள், நினைத்தபோது போனாள். அந்த நாட்களில் கடுப்பு எட்டிப் பார்க்கவில்லை. கணவன், "பேசாம வீட்டிலேயே இரு" என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. ஒருவர் சம்பளத்தில் அந்த வீடு ஓடாது என்பது இருவருக்கும் தெரியும். வேறு வேலைகளுக்கும் அலைந்தாள். அவளுக்கிருந்த அனுபவத்துக்கு வாசல்கள்தான் திறந்தன.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் பெண் காவலாளி தேவைப்பட்டது. நேர்காணலுக்குப் போனவள் முதலிலேயே கேட்டாள். "பாத்ரூம் எங்கே சார் இருக்கு?"

அங்கிருந்தவர் வாசலுக்கு நேரெதிரே கையைக் காட்டினார். பத்தடிகூட இருக்காது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் போய்வர்ற நேரத்துக்கு வாசல்ல யார் நிப்பாங்க?"

"நீங்கதாம்மா. வேற லேடி கிடையாது. உங்களை நம்பித்தானே எடுக்கறோம்."

அவள் எதிரே இருந்த கதவைப் பார்த்தாள். பிறகு, எப்போது வந்து சேரவேண்டும் என்று கேட்டாள்.