கூடு திறந்திருந்தபோது அடித்த போன்

ரொறன்ரோவில் வீட்டில் நச்சுப் பாம்பு வளர்ப்பதை நகரசபை விதி தடைசெய்கிறது. தடையில்லாத ஊர்களிலும், தனியாக இருக்கும்போது கூட்டைத் திறக்கக்கூடாது, திறந்தால் கவனம் சிதறக்கூடாது என்பது புதியவருக்கான முதல் பாடம். அந்நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் என் வீட்டின் பேஸ்மென்ற்றில், அதாவது நிலக்கீழ் அறையில், குடியிருந்த ரமணனுக்கு விதிகளில் நம்பிக்கை இல்லை. அவன் ரகசியமாக ஒரு விரியன் வளர்ப்பது இலங்கைப் போரின் கடைசி வாரங்களில்தான் எனக்குத் தெரிந்தது.

"உந்தப் பாம்பை முதல்ல நகரசபையிட்ட ஒப்படை தம்பி," என்றேன்.

"உது சும்மா கிடக்குது அங்கிள். உங்கட வாய்தான் கடிக்குது."

அவனுடைய தாய் வன்னியில் அகப்பட்டிருந்தார். பல நாட்களாகத் தொடர்பில்லை. ஒரு சனிக்கிழமை அவன் பாம்புக்குத் தண்ணீர் மாற்றும்போது போன் அடித்தது. அந்த நாட்களில் போன் அடித்தால் எங்களில் யார்தான் ஓடாமல் இருந்தோம்? கூட்டைப் பார்க்காமலே கையை இழுத்தான். பாம்பு கடித்தது. அழைத்த விற்பனையாளர் ஹீற்றர் குழாய் துப்பரவு செய்யவா என்று கேட்டார்.

அலறல் கேட்டு இறங்கிப்போய்க் கூட்டின் கதவைச் சாத்தினேன். கடிவாயைக் கீறவோ கட்டவோ இல்லை; கை வீங்குமுன் அவன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு அம்புலன்சை அழைத்தேன்.

"போனை வச்சிருங்கோ அங்கிள், அம்மா எடுத்தாலும் எடுப்பா," என்றான் போகும்போது.

அவன் பிழைத்தான், ஒரு விரல் மடங்காது. பாம்பை நகரசபை கொண்டுபோனது. இப்போதெல்லாம் யாராவது ஆபத்தான வேலை செய்தால், அவர்களின் போனை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

போர் முடிந்தபின் ரமணனின் தாயைத் தேடித்தரும்படி ஒரு நிவாரண அமைப்புக்கு முறைப்படி விண்ணப்பித்திருந்தேன். எந்த அகதி முகாமிலும் அவர் பெயர் இல்லை என்ற பதில், அடுத்த தைப்பொங்கலுக்கு முதல்நாள் வந்தது.