மயானத்துக்கு விதை

தங்கராசு மாமாவின் பிணத்தை அதிகாரிகள் நனைத்தார்கள். அன்று மழைகூட இல்லை.

திங்கட்கிழமை காலை, கடலூரில் என் ஜெராக்ஸ் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் மகள் போன் செய்தாள். "அண்ணே, அப்பா பூட்டாரு. இன்னிக்கு கலெக்டர் ஆபீசுல மனு நாளு, கடையில கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், சாயங்காலமா வந்தா போதும்னு அம்மா சொல்லுது." செத்த வீட்டிலும் மனு நாளுக்கு மரியாதை. நான் கடையை மூடினேன்.

அவரிடம் மனு எழுதி வாங்கிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். என் கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் அட்டை, காதில் பேனா. அவர் எழுதுவார், நான் நகல் எடுப்பேன். செய்தித்தாளில் வெளிநாட்டுப் பக்கத்தை மட்டும் படிப்பார். உலகத்து ஆட்சிமுறைகளை எல்லாம் எங்கள் தெருவிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். டீக்கடை ஜனநாயகம்: "எல்லாரும் பேசலாம், சக்கர போடறது அவன்தான்." என் கடை ராணுவ ஆட்சி: "கரண்ட் போனா சட்டம் ரத்து." அவர் வீடு கூட்டணி. ஒருநாள் பட்டினியாக வந்தவரைக் கேட்டேன். "ஆத்தாளும் மவளும் ஆதரவ வாபஸ் வாங்கிட்டாங்க மாப்ள."

ஊருக்கெல்லாம் பட்டாவும் பென்ஷனும் வாங்கித் தந்தவர், தன் காலனிக்காக ஒரே மனுவைத் திரும்பத் திரும்ப எழுதினார். சிதம்பரம் பக்கம் அந்தக் காலனியிலிருந்து மயானத்துக்குப் பாதை இல்லை. காலனிப் பிணம் மேலத்தெருக்காரர்களின் வரப்பில் போகக்கூடாது. வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும்.

"சுவிட்சர்லாந்துல இதுக்கெல்லாம் ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்களாம் மாமா" என்றேன்.

"இங்க போட்டா தோத்துடுவோம். மேலத்தெருவுல தல ஜாஸ்தி."

"அப்ப ராஜா?"

"ராஜா வூடும் மேலத்தெருவுலதான்டா இருக்கும்."

அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். டைப் அடித்துத் தருகிறேன் என்றால், "கைப்பட எழுதுனாத்தான் மனசு எறங்கும்" என்பார். ஒருமுறை அவர் எழுதிய 'மயானத்துக்குப் பாதை' என்பதை ஆபீசில் எந்த மகராசனோ 'விதை' என்று படித்துவிட்டான். வேளாண்மை அலுவலர் ஒருவர் இரண்டு பாக்கெட் உளுந்து விதையோடு எங்கள் கடைக்கே வந்தார்.

"மயானத்துல என்னங்க வெதைக்கப் போறீங்க?"

"எங்க ஆளுங்களத்தான் சார். வருசா வருசம் வெதைக்கிறோம், ஒண்ணும் மொளைக்கல."

மாமா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு விதையை வாங்கினார். அந்தக் கையெழுத்துதான் வினை. 'கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று மனுவை முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் போட்ட மனுக்களுக்கெல்லாம் 'ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டது' என்றே பதில் வந்தது. முதல் பதிலைப் படித்த அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. "எல்லா ஆட்சியும் பாத்தாச்சு மாப்ள. எந்த நாட்டுல மனு எழுதறவனுக்கு வேல இல்லையோ, அதான் நல்ல ஆட்சி" என்றார்.

அவர் செத்த அன்று மாலை அவரைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். முன்னால் ஒருவன் "எடப்பக்கம் வா" என்றான், பின்னால் ஒருவன் "சோத்தாங்கைப் பக்கம்டா" என்றான். "நாலு பேரும் நாலு கட்சி!" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். மருமகன் வழுக்கினான். பாடை சாய்ந்து மாமா தண்ணீருக்குள் போய் வந்தார். "குளிச்சிட்டாரு, தூக்குடா" என்றது ஒரு குரல். சிரித்தோம். சேறு வழியும் அவர் முகத்தைத் துடைத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பிரிக்காத ஒரு விதைப் பாக்கெட்டை அவர் என் மேசையில் போட்டு வைத்திருந்தார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். இந்தத் திங்கட்கிழமை 'பாதை' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் டைப் அடித்து, மனுவைக் கலெக்டர் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவரிடம் கொடுத்தேன்.

"இது நிறைவேத்தியாச்சே தம்பி."

பாக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன். "இந்தாங்க சார், உங்க வெதை. எங்க பாதையக் குடுங்க."

அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.