முழங்கால் உயரப் பார்லி

எங்கள் ஊரில் பார்லியை அரிவாளால் அறுக்க மாட்டோம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேரோடு பிடுங்குவோம். தானியம் எங்களுக்கு, தாளும் வேரும் மாட்டுக்கு. பனி விழுந்து எங்கள் ஸன்ஸ்கார் பள்ளத்தாக்குக்குள் வரும் பாதை அடைத்துவிட்டால், கூரையில் அடுக்கி வைத்த தாள்தான் மாடுகளுக்குக் குளிர்காலத் தீனி.

ஸ்கர்மா லாடோலுக்கு இது தெரியாததல்ல. பக்கத்து வீட்டுக்காரிதான். பதும் நகரத்துப் பள்ளியில் படித்து, அரசு விதைத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாணம் வேண்டாமென்று தம்பி சோஸ்பெல் வீட்டிலேயே இருந்தாள். புது பார்லி சீக்கிரம் முதிரும், கடுங்குளிருக்கு முன்பே களத்துக்கு வந்துவிடும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எங்களோடு உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டேதான் சொன்னாள். அதனால் நம்பினோம். பழைய விதை கலந்தால் புதியது கெட்டுவிடும் என்றாள். பழையதை வறுத்து மாவாக்கித் தின்றுவிட்டோம்.

அறுவடையில் கதிர் கனத்தது. செடியோ முழங்கால் தாண்டவில்லை.

"ஏ லாடோல், நீ கொண்டுவந்த மருமக குள்ளச்சியா இருக்காளே!" என்றாள் யாங்ஸோம். சோஸ்பெல்லின் யாக் கலப்பு ஸோ மாட்டோடு அவளுடைய ஸோ மாட்டைச் சேர்த்துத்தான் இரண்டு வீட்டு வயலும் உழுவார்கள்.

"குள்ளச்சியானா என்ன, அச்சே? எத்தனை புள்ள பெத்திருக்கா பாரு" என்றாள் லாடோல். மூத்தவளை நாங்கள் அச்சே என்போம், அக்கா என்பதுபோல.

"என் இடுப்புல்ல ஒடியுது!"

மூட்டைகள் நிறைந்தன. கூரைகளில் தாள் அடுக்கு மார்பளவுக்குக்கூட வரவில்லை.

"இந்த வருசம் என் கூரையிலிருந்தே உன் தம்பி குளிக்கிறதைப் பாக்கலாம் போல."

"அவன் குளிச்சாத்தானே பாப்பே!"

எல்லோரும் சிரித்தோம். லாடோலும் சிரித்தாள். மூட்டைகளைப் பார்த்த மகிழ்ச்சியில், அந்தத் தாள் எத்தனை நாளைக்கு வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

பாதி குளிர்காலத்திலேயே கூரைகள் காலியாகிவிட்டன. யாங்ஸோம் மெத்தையைக் கிழித்து உள்ளே இருந்த தாளை உருவிப் போட்டாள். வில்லோ மரப்பட்டையைச் சீவிப் போட்டாள். அவள் மாடு எலும்பும் தோலுமாக நின்றது. சோஸ்பெல்லின் மாடு எழுந்திருக்கவே தடுமாறியது. அது செத்தால் வசந்தத்தில் உழவு இல்லை.

"இன்னும் ரெண்டு மாசம் தள்ளணும், அச்சே. என்ன போடறது?" என்று லாடோலிடம் கேட்டான் சோஸ்பெல்.

"தானியம் இருக்கே. மூட்டை மூட்டையா இருக்கே."

"மனுசங்க திங்கறதை..."

"நம்ம பசி அப்புறம்டா. மாடு பொழைக்கட்டும்."

லாடோல் தொட்டி நிறையக் கொட்டினாள். பட்டினி கிடந்த மாடு ஆவலாகத் தின்றது. இன்னும் கேட்டது. இன்னும் கொட்டினாள். மறுநாள் அதன் இடது வயிறு பறைபோல வீங்கியிருந்தது. சோஸ்பெல் எண்ணெய் புகட்டினான், வயிற்றைத் தேய்த்தான். லாடோல் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். தாள் இல்லாமல் தானியம் மட்டும் போனால் மாட்டு வயிறு தாங்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. தாளே இல்லாத குளிர்காலத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாதை திறந்ததும் விதைத் திட்ட அலுவலக ஜீப் வந்தது. அதிகாரி மூட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டார்.

"சபாஷ், லாடோல்! இன்னும் நாலு ஊருக்கு நீதான் போய்ச் சொல்லணும்."

"சார், தாள் வளரல. மாடு செத்துப்போச்சு."

"தாள் நம்ம துறை இல்லையேம்மா. கால்நடைக்காரங்ககிட்ட ஒரு மனு கொடு."

உழவு நாளில் யாங்ஸோம் தன் மாட்டை மேல் வீட்டு மாட்டோடு பூட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் வயல் இருக்கிறது. சோஸ்பெல் மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்தான். பின்னால் லாடோல் அதே புது விதையைத் தூவிக்கொண்டு போனாள். ஊரில் வேறு விதை இல்லை.

"நான் இனிமே அந்த வேலைக்குப் போகல" என்றாள்.

சோஸ்பெல் நிமிரவில்லை. "போகாம? உன் சம்பளம் வந்தாத்தான் இன்னொரு மாடு வாங்க முடியும்."

அவள் வரப்பு வரை தூவிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த வாரம் விதை மூட்டைகளோடு ஜீப்பில் ஏறினாள். முதல் ஊரில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, எப்படி விளையும் என்று கேட்டார்களாம். லாடோல் அவர்களோடு உட்கார்ந்து களை பிடுங்கவில்லை. நின்றபடியே, "மூட்டை நிறையும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.